இறக்கமே இல்லாத பாதை

துறையூரிலிருந்து சோபனபுரம் வழியாகப் பச்சைமலை ஏறும் பேருந்து, கொண்டை ஊசி வளைவுகளில் முக்கி முனகித்தான் மேலே போகும். முதல் கியர், இரண்டாம் கியர், மறுபடி முதல் கியர். ஆனால் டாப் செங்காட்டுப்பட்டியை எட்டிவிட்டால் இன்ஜினுக்கு ஓய்வு. திரும்பி இறங்கும்போது வண்டியின் எடையே வண்டியை இழுத்துக்கொண்டு போகும். சமவெளிச் சாலையிலும் வேகம் பிடித்த பிறகு இன்ஜின் தன் பலத்தில் ஒரு பகுதியைத்தான் செலவழிக்கிறது. படகில் பூட்டிய இன்ஜினுக்கு இந்தச் சலுகை எதுவும் இல்லை. தண்ணீர் விடாமல் பிடித்து இழுக்கும். கையை எடுத்தால் படகு சில நொடிகளில் நின்றுவிடும். கரையை விட்டுக் கிளம்பியதிலிருந்து கரை சேரும்வரை அதற்குப் பச்சைமலை ஏற்றம்தான்.

வேகப் படகின் இன்ஜினைப் பற்றிய எல்லாமே இந்த ஓர் உண்மையிலிருந்து கிளைத்தவை. சக்தியைக் கூட்டுவது கடினமில்லை, அதைக் காசு கொடுத்தே வாங்கிவிடலாம். அந்தச் சக்தியை மணிக்கணக்கில், உப்புக் காற்றில், குதிக்கும் படகில் தாங்கி நிற்க வைப்பதில்தான் கைவினை இருக்கிறது.

தண்ணீரின் கணக்கு கடுமையானது. கனமான மீன்பிடிப் படகு ஒன்றின் வேகத்தை இரண்டு மடங்காக்க வேண்டுமானால், அதற்கு இரண்டு மடங்கு சக்தி போதாது. ஏறக்குறைய எட்டு மடங்கு வேண்டும். சக்தியின் தேவை வேகத்தின் மும்மடியை ஒட்டி ஏறுவதே காரணம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிய வங்காள விரிகுடா திட்டத்தில் பணியாற்றிய நார்வே நாட்டுப் படகு வடிவமைப்பாளர் ஓய்விந்த் குல்பிரண்ட்சன், 1986-ல் சிறு மீன்பிடிப் படகுகளின் எரிபொருள் செலவைக் குறைக்க ஒரு கையேடு எழுதினார். அதில் அவர் சொன்ன முதன்மையான யோசனை, வேகத்தைக் கொஞ்சம் குறையுங்கள் என்பதுதான். கடைசி ஓரிரு நாட் வேகத்துக்குத்தான் டீசல் தண்ணீராய்ச் செலவாகிறது. இலகுவான வேகப் படகுகள் இந்தக் கணக்கிலிருந்து ஓரளவு தப்பிக்கின்றன. குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் அவற்றின் அடிப்பாகம் தண்ணீருக்கு மேல் எழும்பி, அதன்மீது வழுக்கிக்கொண்டு ஓடும். ஆனால் அப்படி எழும்புவதற்கு முந்தைய கட்டத்தைத் தாண்ட இன்ஜின் தன் முழு பலத்தையும் கொடுத்தாக வேண்டும்.

தமிழகக் கடற்கரையின் விசைப்படகுகளில் நெடுங்காலமாக ஓடியவை லாரி இன்ஜின்களும் அவற்றின் வழி வந்த கடல் இன்ஜின்களும்தான். எண்ணூரில் அசோக் லேலண்ட் தயாரித்த ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின் லாரியை ஓட்டியது; அதே குடும்பத்தின் கடல் வடிவம் படகையும் ஓட்டியது. ஆனால் லாரியிலிருந்து கழற்றி அப்படியே படகில் இறக்கிவிட முடியாது. லாரியின் ரேடியேட்டரில் எதிர்க்காற்று அடித்து வெப்பத்தைக் கொண்டுபோகும். படகின் இன்ஜின் அறைக்குள் காற்று ஏது? கடல்நீரைத்தான் நாட வேண்டும்.

கடல்நீரோ குளிர்விக்கும்போதே அரிக்கவும் செய்யும். அதை இன்ஜின் பிளாக்குக்குள் நேராக விட்டால், சூடு ஏற ஏற உப்பும் சுண்ணாம்பும் சுவரில் படிந்து, நீர் ஓடும் வழியை அடைத்துவிடும். அதனால்தான் கடல்நீர் நேராகப் பாயும் இன்ஜின்களை 60 டிகிரி செல்சியஸ் அளவிலேயே ஓட விடுகிறார்கள். அந்தச் சூடு இன்ஜினுக்குப் போதாது. பிஸ்டன் முழுதாக விரியாது, எரியாத எரிபொருள் ஆயிலில் கலக்கும், தேய்மானம் கூடும். நல்ல ஏற்பாடு என்றால் இரண்டு சுற்று. இன்ஜினுக்குள் நன்னீர் 80 டிகிரிக்கு மேல் சுற்றி வரும். ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்னும் குழாய்க்கட்டில் அந்த நீரின் சூட்டை கடல்நீர் வாங்கிக்கொண்டு வெளியேறும். இரண்டும் ஒன்றையொன்று தொடாது. குழாய்கள் செம்பும் நிக்கலும் கலந்த உலோகம். பக்கத்தில் ஒரு துத்தநாகக் கட்டி பொருத்தியிருக்கும். அரிப்பு முதலில் துத்தநாகத்தைத் தின்னும். அது கரைந்து தீர்வதற்குள் மாற்றிவிட்டால் மற்ற பாகங்கள் பிழைக்கும். கடல்நீரை உறிஞ்சும் பம்புக்குள் இருப்பது உள்ளங்கை அளவுள்ள ரப்பர் இம்பெல்லர். லட்சக்கணக்கில் விலை போகும் இன்ஜின் அந்த ரப்பர் துண்டை நம்பித்தான் ஓடுகிறது. சேற்றுநீரை உறிஞ்சியோ, நீரில்லாமல் சில நிமிடம் ஓடியோ அதன் இதழ்கள் கிழிந்தால், அடுத்தது ஹெட் கேஸ்கட்தான்.

நம்பகமான இன்ஜின் எப்படி இருக்கும் என்று பார்க்கத் திருச்சிக்காரர்கள் கடற்கரைக்குப் போகவேண்டியதில்லை. பொன்மலைக்குப் போனாலே போதும்.

நாகப்பட்டினத்தில் இயங்கிவந்த தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை 1928-ல் பொன்மலைக்கு இடம் மாறியது. நீராவி யுகத்தில் நீராவி இன்ஜின்கள், பிறகு டீசல் இன்ஜின்கள் எனப் பல தலைமுறை தொழிலாளர்களின் கைபட்ட இடம் அது. அங்கே பிரித்துப் பூட்டப்பட்ட டீசல்களில் புகழ்பெற்றது அமெரிக்க ஆல்கோ நிறுவனம் வடிவமைத்த 251 என்னும் இன்ஜின். டபிள்யூடிஎம்-2 ரயில் இன்ஜினுக்குள் இருந்த இதயம் அதுதான். 16 சிலிண்டர், ஒவ்வொரு சிலிண்டரின் கொள்ளளவும் ஏறக்குறைய 11 லிட்டர். நிமிடத்துக்கு 1,000 சுற்றில் 2,600 குதிரைத்திறன்.

அதே 251 குடும்பம் கடலிலும் ஓடியது என்பது பலருக்கும் தெரியாது. அமெரிக்கக் கடலோரக் காவல்படை 1960-களில் இறக்கிய ரிலையன்ஸ் வகை ரோந்துக் கப்பல்களில் பெரும்பாலானவற்றுக்குத் தலா இரண்டு 16 சிலிண்டர் ஆல்கோ இன்ஜின்கள். அந்த வகையின் முதல் சில கப்பல்களில் வேறு டீசலோடு வேகத்துக்காக காஸ் டர்பைனும் வைத்துப் பார்த்தார்கள். நடுவயதுப் புதுப்பிப்பின்போது அந்த ஏற்பாட்டைக் கழற்றிவிட்டு அவற்றிலும் ஆல்கோவையே பூட்டினார்கள். அப்பல்லோ ராக்கெட்டுகளை ஏவுதளத்துக்குச் சுமந்து சென்ற நாசாவின் ராட்சத ஊர்தியிலும் இரண்டு ஆல்கோ இன்ஜின்கள்தான். திருச்சியில் ரயில்வே ஊழியர்கள் அறிந்த அதே இன்ஜின் குடும்பம் உலகில் எங்கெல்லாம் நம்பிப் பூட்டப்பட்டிருக்கிறது என்று எண்ணும்போது பெருமையாகவே இருக்கிறது.

அந்த இன்ஜின் ஏன் அவ்வளவு காலம் தாங்குகிறது? மொத்தக் கொள்ளளவு சுமார் 175 லிட்டர், சக்தி 2,600. அதாவது லிட்டருக்கு 15 குதிரைத்திறன்தான் அதனிடம் கேட்கிறார்கள். ஆறு லிட்டர் கொள்ளளவில் நூற்றுப் பத்து குதிரைத்திறன் தந்த பழைய லாரி இன்ஜினிடமும் லிட்டருக்கு இருபதைத் தாண்டிக் கேட்கவில்லை. கொஞ்சமாகக் கேட்டால் நெடுநாள் கொடுக்கும்.

இதற்கு நேர் எதிர்முனை பந்தயப் படகு. 2018 நவம்பரில் கிருஷ்ணா நதியில், அமராவதியின் பெயரில் ஃபார்முலா 1 படகுப் பந்தயம் நடந்தது. அந்தப் பந்தயங்களில் பெரும்பாலும் ஓடிவந்தது மெர்க்குரி நிறுவனத்தின் இரண்டரை லிட்டர், வி6, டூ-ஸ்ட்ரோக் இன்ஜின். அந்த இரண்டரை லிட்டரிலிருந்து ஏறக்குறைய 400 குதிரைத்திறன். லிட்டருக்கு 160! நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுழன்று, படகை மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளும். ஆல்கோவிடம் கேட்பதைப்போல் பத்து மடங்குக்கும் மேல் இதனிடம் கேட்கிறார்கள். ஆகவே பந்தயத்துக்குப் பந்தயம் பிரித்துச் சோதித்துப் பூட்டும் செல்லப்பிள்ளையாக அது வாழ்கிறது.

இந்த இரு முனைகளுக்கும் நடுவில்தான் உண்மையான பொறியியல் சவால் இருக்கிறது. நானூறு, ஐந்நூறு குதிரைத்திறன் தரும் பெட்ரோல் இன்ஜினை ஒரு வேகப் படகில் வைத்து, அதைப் பல பருவங்கள் பிரிக்காமல் ஓட்ட வேண்டும் என்று ஒருவர் கேட்டால், இன்ஜின் கட்டுபவர் எதையெல்லாம் யோசிக்க வேண்டும்?

முதல் எதிரி குதிப்பு. அலையில் ஏறிய படகு காற்றில் எழும்போது புரொப்பெல்லர் தண்ணீரை விட்டு வெளியே வரும். சுமை அறுந்த அந்த நொடியில் இன்ஜின் சுற்று தாறுமாறாக எகிறும். மறுநொடி படகு விழுந்ததும் முழுச் சுமையும் ஒரே அடியாகத் திரும்பி வரும். கனெக்டிங் ராடும் கிராங்க்கும் கியர் பற்களும் இந்த அடியை ஒரு பயணத்தில் நூற்றுக்கணக்கான தடவை வாங்கும். டீசலில் கவர்னர் என்னும் கட்டுப்பாடு சுற்றைப் பிடித்து நிறுத்தும். பெட்ரோல் இன்ஜினில் மின்னணுக் கட்டுப்பாடும் ஓட்டுபவரின் கையும்தான் காப்பு. படகு எழும்பும் கணத்தை முன்கூட்டியே உணர்ந்து த்ராட்டிலைக் குறைப்பவர் கிடைத்தால் இன்ஜினின் ஆயுள் நீளும். கடல் பந்தயங்களில் சுக்கானைப் பிடிக்க ஒருவர், த்ராட்டிலைப் பிடிக்க இன்னொருவர் என்று இருவர் உட்காருவது இதனால்தான்.

இரண்டாவது ஆயில். படகு சரிந்து திரும்பும்போதும் அலையில் மோதும்போதும் சம்ப்பில் உள்ள ஆயில் மொத்தமாக ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். உறிஞ்சும் குழாய் வாய்க்குக் காற்றுதான் கிடைக்கும். பேரிங்குக்கும் கிராங்க்குக்கும் நடுவே இருப்பது முடியைவிட மெல்லிய ஆயில் படலம். அது சில நொடி அறுந்தாலே உலோகம் உலோகத்தை உரசும். அதனால் சம்ப்பைப் பெரிதாக்கி, உள்ளே தடுப்புத் தகடுகள் வைக்கிறார்கள். இன்னும் கடுமையான வேலைக்கு, ஆயிலை இன்ஜினுக்கு வெளியே தனித் தொட்டியில் வைத்து பம்பால் ஊட்டும் ட்ரை சம்ப் முறை. ஆயிலைக் குளிர்விக்கத் தனிக் கூலரும் அவசியம். இடைவிடாத முழுச் சுமையில் ஆயிலே கொதித்து நீர்த்துப்போகும்.

மூன்றாவது, வெளியாள் அதிகம் கேள்விப்படாத ஒரு தொல்லை. பல படகுகளில் புகைக்குழாயைக் குளிர்விக்க அதற்குள்ளேயே தண்ணீரைப் பாய்ச்சிப் புகையோடு சேர்த்து வெளியே தள்ளுவார்கள். சக்தி வேண்டி கேம்ஷாஃப்ட்டை மாற்றும்போது, உள்வால்வும் வெளிவால்வும் ஒரே சமயத்தில் திறந்திருக்கும் நேரம் கூடுகிறது. இன்ஜின் மெதுவாக ஓடும்போது, அந்த இடைவெளியில் புகை முன்னும் பின்னுமாக அலைபாயும். பின்னோக்கி வரும் அலை, குழாயில் உள்ள நீரையும் சிலிண்டருக்குள் இழுத்து வந்துவிடும். முதலில் வால்வு துருப்பிடிக்கும். நீர் கொஞ்சம் அதிகமானால், பிஸ்டன் மேலே வரும்போது அழுத்த முடியாத தண்ணீரில் மோதி கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தரையில் சோதனை மேடையில் அருமையாக ஓடிய இன்ஜின் படகில் இறங்கியதும் செத்துப்போவதற்கு இது ஒரு பெரிய காரணம். நீர் கலக்கும் இடத்தை இன்ஜினிலிருந்து தள்ளி, உயர்த்தி வைப்பது, அல்லது குழாயின் கடைசிவரை புகையையும் நீரையும் தனித்தனியே கொண்டுபோவதுதான் தீர்வு. கேம்ஷாஃப்ட்டை அடக்கமாகத் தேர்ந்தெடுத்து, பத்திருபது குதிரைத்திறனை விட்டுக்கொடுப்பது இன்னும் புத்திசாலித்தனம்.

இவற்றோடு நாக்கிங் வேறு. கார் இன்ஜின் மேட்டில் ஏறும்போது எப்போதாவது வரும் அந்தத் தட்டல் சத்தத்தை, படகு இன்ஜின் நிமிடக்கணக்கில் சந்திக்க நேரலாம். பெட்ரோல் தன் தருணத்துக்கு முன்பே வெடித்தால் பிஸ்டனின் தலை உருகி ஓட்டை விழும். ஓட்டுபவருக்குக் காற்றின் இரைச்சலில் தட்டல் கேட்கவும் கேட்காது. அதனால் அழுத்த விகிதத்தைக் குறைத்தே வைக்கிறார்கள். பிஸ்டன் வார்ப்பாக இருக்கக்கூடாது, அடித்து உருவாக்கியதாக இருக்கவேண்டும். புகை வெளியேறும் வால்வுக்கு இன்கோனெல் என்னும் நிக்கல் கலப்பு உலோகம்.

இவ்வளவு செய்த இன்ஜின் தாங்குமா என்று எப்படித் தெரியும்? ஓட்டித்தான். மெர்க்குரி நிறுவனத்தை நிறுவிய கார்ல் கீகாஃபர், போட்டியாளர்களின் கண்ணில் படாமல் சோதிக்க ஃபுளோரிடாவில் ஒரு ஏரியை வளைத்து, இடம் தெரியாமலிருக்க அதற்கு ‘லேக் எக்ஸ்’ என்று பெயர் வைத்தார். 1957-ல் அங்கே இரண்டு படகுகளை இரவும் பகலும் நிறுத்தாமல் ஓட்டவைத்தார். ஓடும்போதே எரிபொருள் நிரப்பினார்கள், ஓட்டுபவர்களும் மாறினார்கள். உலகைச் சுற்றிவரும் தூரமான 25,000 மைலை அவை ஒரே மூச்சில் கடந்தன. வேகப் படகு வரலாற்றில் சாதனைக் கோப்பைகளைவிட மதிக்க வேண்டியது இந்த ஓட்டத்தைத்தான்.

இன்ஜின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதை ஒரே மாதத்தில் கொல்லக்கூடிய பொருள் ஒன்று உண்டு. பொருந்தாத புரொப்பெல்லர். அதன் இதழ்களின் சாய்வு, ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் முன்னேறும் என்பதைத் தீர்மானிக்கிறது. சாய்வு கூடினால் வேகம் கூடும் என்று நினைத்துப் பெரிய புரொப்பெல்லரைப் பூட்டுபவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அப்போது இன்ஜின் தன் உரிய சுற்றை எட்டவே முடியாமல், மூச்சுத் திணறிக் கரும்புகை கக்கும். புகையின் சூடு ஏறி வால்வு கருகும், ஹெட் விரிசல் விடும். முழு த்ராட்டிலில், முழுச் சுமையோடு, தயாரிப்பாளர் குறித்த சுற்றை இன்ஜின் தொடுகிறதா என்பதுதான் சோதனை. தொடவில்லையென்றால் கோளாறு பெரும்பாலும் இன்ஜினில் இருக்காது, கீழே தண்ணீருக்குள் இருக்கும்.

தமிழகத்தில் அதிவேக இன்ஜின் என்ற பேச்சு வந்தாலே சென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகம் நினைவுக்கு வரும். அங்கே விசைப்படகுகளில் சக்திவாய்ந்த சீன இன்ஜின்களைப் பூட்டுவதை எதிர்த்துப் போராடியவர்கள் மீனவர்களேதான். ஒரு படகின் வேகம் கூடினால் அதன் வலை மற்றவர்களின் மீனையும் அள்ளிக்கொண்டு போகும். பக்கத்துப் படகும் பெரிய இன்ஜினுக்குக் கடன் வாங்கும். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறை விதிகள் 2020-ல் திருத்தப்பட்டபோது, விசைப்படகின் நீளத்துக்கு 24 மீட்டரும் இன்ஜினுக்கு 240 குதிரைத்திறனும் வரம்பாக வைக்கப்பட்டன. இந்த வரம்பு சரியானதே. எல்லோரும் எண்ணூறு குதிரைகளோடு ஓடினாலும் கடலில் உள்ள மீன் கூடப்போவதில்லை.

சிறு படகுக்காரர்களின் கதை வேறு. வள்ளங்களிலும் ஃபைபர் படகுகளிலும் பின்பலகையில் தொங்கும் அவுட்போர்டு இன்ஜின்தான் அவர்களின் துணை. கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் 1980-களில் இவை பரவியபோது, பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் முறையும் சேர்ந்து பரவியது. மண்ணெண்ணெய் அப்போது மலிவு, ஆனால் கரி அதிகம் படியும், நாக்கிங் எளிதில் வரும். கரை சேருமுன் சிறிது நேரம் பெட்ரோலில் ஓட்டி, குழாயில் மிஞ்சிய மண்ணெண்ணெயைத் தீர்த்துவிட்டு நிறுத்துவது அனுபவஸ்தர் வழக்கம். 1980-ல் தொடங்கிய தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பான சிஃப்ஸ், இன்ஜின்களை வாங்கிக்கொடுத்ததோடு நிற்காமல், கடற்கரை ஊர்களில் பழுதுபார்க்கும் மையங்களையும் நடத்தியது. உதிரிபாகமும் அதைப் பூட்டத் தெரிந்த கையும் பக்கத்திலேயே கிடைத்ததால்தான் அந்த இன்ஜின்கள் நிலைத்தன. 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது, மீனவர்கள் லாரிகளில் ஏற்றிக்கொண்டு வந்து தெருக்களுக்குள் இறக்கிய நூற்றுக்கணக்கான படகுகள் ஆயிரக்கணக்கான உயிர்களை மீட்டன. தினமும் கடலுக்குப் போய்வந்த இன்ஜின்கள் அவை.

அதே ஆகஸ்டில் திருச்சியிலும் கொள்ளிடம் பெருக்கெடுத்து, 1928-ல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் அடித்துச் செல்லப்பட்டன. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஸ்ரீரங்கம் இருக்கும்வரை, மீட்புப் படகின் இன்ஜின் இந்த ஊருக்கு அக்கறைக்குரிய விஷயம். அத்தகைய இன்ஜினுக்கு ஓட்டத்தைவிடச் சும்மா இருப்பதே பெரிய ஆபத்து. கார்பரேட்டரில் நின்ற பெட்ரோல் பிசினாக இறுகும். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சி, நாளடைவில் நீரோடு சேர்ந்து அடியில் பிரிந்து நிற்கும். ஒரே நிலையில் மடங்கிக் கிடந்த இம்பெல்லரின் ரப்பர் விறைத்துப்போகும். எரிபொருளை வடித்து வைப்பது, மாதம் ஒருமுறையாவது நன்னீர்த் தொட்டியில் முழுச்சூடு ஏறும்வரை ஓட்டுவது, கடலில் ஓடி வந்த நாளில் நல்ல தண்ணீரால் உட்குழாய்களைக் கழுவுவது: செலவு கொஞ்சம், பலன் அதிகம்.

பெரிய இன்ஜின்களுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. ரயில்வே டீசல் ஷெட்களில் இன்ஜின் ஆயிலிலிருந்து சிறிது எடுத்து, அதில் என்னென்ன உலோகம் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று ஒளிப்பகுப்புக் கருவியில் பார்ப்பார்கள். இரும்பு கூடினால் லைனர் தேய்கிறது. செம்போ ஈயமோ கூடினால் பேரிங். குரோமியம் என்றால் பிஸ்டன் ரிங். இன்ஜினைப் பிரிக்காமலேயே நோய் தெரிந்துவிடும். கடல் இன்ஜினில் சோடியம் தென்பட்டால் எங்கோ உப்புநீர் கசிகிறது என்று பொருள். விசைப்படகு உரிமையாளர்களின் சங்கங்கள் துறைமுகத்துக்கு ஒரு ஆய்வு மையம் அமைத்தாலே நடுக்கடலில் நின்றுபோகும் படகுகள் குறையும்.

இந்த வேலைகளைக் கற்றுக்கொள்ள இடம் இருக்கிறது. சிப்நெட் என்று அழைக்கப்படும் மத்திய மீன்வள கடல்சார் மற்றும் பொறியியல் பயிற்சி நிறுவனம் 1963-ல் கொச்சியில் தொடங்கியது; சென்னைக் கிளை 1968-லிருந்து ராயபுரத்தில் இயங்குகிறது. கணிதமும் அறிவியலும் படித்துப் பத்தாம் வகுப்பு தேறியவர்களுக்கு அங்கே இரண்டாண்டு மரைன் ஃபிட்டர் படிப்பு உண்டு. மீனவக் குடும்பத்தில் பிறந்திருக்க வேண்டும் என்றில்லை. முடித்தவர்கள் கப்பலில் உரிய காலம் பணியாற்றிவிட்டு, மீன்பிடிக் கலங்களுக்கான இன்ஜின் டிரைவர் தகுதிச் சான்றிதழுக்குத் தேர்வு எழுதலாம்.